மூன்று மெமரியும் ஒரு சம்பந்தியும்

செப்டம்பர் 2, செவ்வாய்

கணினி இன்று நான்கு முறை உறைந்துவிட்டது. பழைய பஸ் பணிமனையைச் சிறுவர் நூலகமாக மாற்றும் வரைபடம் மாடிப்படி வரைக்கும் ஒழுங்காகத் திறக்கிறது. புத்தக அலமாரிகளை உள்ளே வைத்ததும் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. நான் போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இருபத்தாறு வருடம் இன்னொருவர் கையெழுத்துக்குக் கீழே வரைந்தவள் நான். கம்பெனியை மூடிய பிறகு என் சொந்தப் பெயரில் அனுப்பிய முதல் விண்ணப்பம் இது. நூலகக் குழு கடைசி நான்கு பேரில் என்னையும் வைத்திருக்கிறது. பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வண்ணப் படங்களும், உள்ளே நடந்து போவதுபோல் ஒரு வீடியோவும் கொடுக்கவேண்டும்.

இவரிடம் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு உலகத்தில் எல்லாமே வண்டிதான். "லோடு ஜாஸ்தி. இன்ஜின் இழுக்கல" என்றார். மெமரி போதவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 4, வியாழன்

மகள் போன் செய்தாள். "அம்மா, அத்தை வீட்ல குழாய் வெடிச்சு ஹால் பூரா தண்ணி. தரையையே பேர்க்கணுமாம். ரெண்டு வாரம் உங்ககூட இருக்கட்டுமே. ஒரே ஊர்தானே?"

அத்தை என்றால் அவள் மாமியார். என் சம்பந்தி.

கல்யாணத்தன்று கைப்பையிலிருந்து ரசமட்டம் எடுத்து மேடைமேல் வைத்து, "ரெண்டு விரக்கடை சாய்ஞ்சிருக்கே, யார் போட்டது?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டவர். போட்டது நான். அளவெடுத்து, வரைந்து, பக்கத்தில் நின்று போடவைத்தது நான். அன்றிலிருந்து இரண்டு வருடமாக எங்கள் பேச்சு "சாப்டீங்களா?", "சாப்டேன், நீங்க?" என்பதைத் தாண்டவில்லை.

"தாராளமா வரட்டும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 6, சனி

வந்துவிட்டார். துணி ஒரு பெட்டி, கருவிகள் இரண்டு பெட்டி. முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினும் இசிஜி மெஷினும் பழுது பார்த்தவர், ஜூனில்தான் ஓய்வு. வந்து கால் மணி நேரத்தில் எங்கள் சமையலறைக் கதவின் கீச்சொலியை நிறுத்திவிட்டார். பத்து வருடக் கீச்சொலி! நன்றி சொல்லவேண்டும் என்று தெரிகிறது. வாய் வரவில்லை.

இவர் காலை ஏழு மணிக்கே வகுப்பு என்று கிளம்பிவிட்டார். சனிக்கிழமை முதல் வகுப்பு பத்து மணிக்கு. எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 7, ஞாயிறு

மானம் போயிற்று.

நேற்று சாயங்காலம் கடைக்குப் போய் "ஒரு ராம் மெமரி கொடுங்க, பெருசா" என்று செருப்பு வாங்குவதுபோல் வாங்கி வந்திருந்தேன். இன்று பெட்டியைத் திறந்து ஸ்லாட்டில் வைத்தால் இறங்கவில்லை. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். மதர்போர்டே லேசாக வளைந்தது.

"கையை எடுங்க! சம்பந்தி, முதல்ல கையை எடுங்க!"

சம்பந்தி ஓடிவந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கீழ் விளிம்பில் இருக்கும் சின்ன வெட்டு, ஒன்றில் ஒரு இடத்தில், மற்றதில் வேறு இடத்தில். "இது முந்தின வகை. இந்த போர்டுல போகவே போகாது. இந்த வெட்டு எதுக்குத் தெரியுமா? நம்மள மாதிரி ஆளுங்க அழுத்தாம இருக்கத்தான்."

நம்மள மாதிரி என்றார். உங்களை மாதிரி என்று சொல்லியிருக்கலாம்.

பிறகு வரைபடத்தைக் காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். "இந்தப் படி ஏன் இவ்ளோ அகலம்?"

"பிள்ளைங்க உக்காந்து படிக்க."

"அப்ப ஏறுறவங்க?"

"ஓரமா ஏறட்டும்."

அவர் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொண்டார், நல்ல மனுஷர். ஆனால் சரியான வகை வர ஒரு வாரம் ஆகுமாம். ஒரு வாரமா! அன்னிக்கே கடைசி நாள். நான் என்னத்தப் பண்ணுவேன்?

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போன சம்பந்தி பதினோரு மணிக்கு முழங்கால் வரை சேறும் சிமெண்டுமாகத் திரும்பினார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அவருடைய கணினி ஹால் தரையில் இருந்ததாம், தண்ணீரில் அடிப்பாகம் போய்விட்டது. ஆனால் மேலே இருந்த இரண்டு மெமரி பலகைகள் நனையவில்லை. கழற்றிக் கொண்டு வந்துவிட்டார்.

"உங்களோடது ஒரு எட்டு ஜிபி. என்னோடது ரெண்டு எட்டு. வகை ஒண்ணுதான். கம்பெனி வேற, வேகம் வேற. ஒத்துப்போனா போகும், இல்லன்னா கத்தும்."

மூன்றையும் போட்டு பட்டனை அழுத்தினோம். திரை கறுப்பு. பீப், பீப், பீப்.

நான் பிளக்கைப் பிடுங்கப் போனேன். அவரோ, "கத்துறது நல்லது. மெஷின் சத்தமே போடலன்னாதான் பயப்படணும்" என்று எல்லாவற்றையும் கழற்றினார். என் வரைமேசையிலிருந்த ரப்பரை எடுத்து, பலகைகளின் தங்க நிற விளிம்பை மெதுவாகத் தேய்த்தார், குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல. ஒன்றை மட்டும் போட்டார்: திரை வந்தது. இரண்டாவது: வந்தது. மூன்றாவதைப் போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"திறங்க."

இருபத்து நான்கு! எட்டு இருந்த இடத்தில் இருபத்து நான்கு. அலமாரிகளை வைத்தேன். வட்டமே சுற்றவில்லை. நாற்காலி வைத்தேன், விளக்கு வைத்தேன், ஜன்னலுக்கு வெளியே மரம்கூட வைத்தேன். சந்தோஷம் தாங்காமல் சம்பந்தியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் மரக்கட்டை மாதிரி நின்றார். பிறகு முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

"இருங்க, இன்னும் கொஞ்சம் வேகம் ஏத்தித் தரேன்" என்று செட்டிங்கில் ஏதோ மாற்றினார்.

செப்டம்பர் 11, வியாழன்

வீடியோ தயாராகி அறுபது சதவீதம் போனதும் நீலத்திரை, கணினி அப்படியே நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். நாற்பதில் நீலத்திரை. மறுபடி — வேண்டாம், எழுதவே பிடிக்கவில்லை.

கத்திவிட்டேன். "உங்க ராம் போட்டதுலேர்ந்துதான் இப்படி! நல்லா ஓடிட்டிருந்தது!"

அவர் பால்கனிக்குப் போய்விட்டார்.

நல்லா ஓடிட்டிருந்ததாம். எதுடி ஓடிச்சு? எது? சேத்துல இறங்கி எடுத்துட்டு வந்த மனுஷிகிட்ட பேசுற பேச்சா இது?

செப்டம்பர் 12, வெள்ளி

மன்னிப்புக் கேட்க ஏழு மணிக்கு எழுந்து போனால், அவர் ஏற்கெனவே கணினி முன்னால். ஒவ்வொரு பலகையாகப் போட்டுச் சோதித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்ததும் "டீ போடுங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

மத்தியானம் வரைக்கும் சோதனை. தனித்தனியாக மூன்றும் சுத்தம். சேர்த்துப் போட்டால் மட்டும் வரிசையாகச் சிவப்புப் பிழைகள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"தப்பு என்னோடதுதான். செவ்வாக்கிழமை வேகத்த ஏத்தி வெச்சேன் இல்ல? என்னோட ரெண்டும் அந்த வேகத்துல ஓடும். உங்களோடது தனியா இருந்தா தன் வேகத்துல ஓடிடும், சேத்துப் போட்டா அந்த வேகம் அதால முடியாது. மூணும் சேந்து ஓடணும்னா மெதுவா ஓடறதோட வேகத்துக்குத்தான் வெக்கணும். இத்தனை வருஷ சர்வீஸ்ல இது எனக்குத் தோணலையே!"

செட்டிங்கில் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி சோதனை ஓடவிட்டார். மூன்று மணி நேரம் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிழை: பூஜ்யம்.

அவர் தன் தப்பை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்ட பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? "சம்பந்தி, மேடை நிஜமாவே சாய்ஞ்சுதான் இருந்தது. அப்புறமா அளந்து பாத்தேன்."

"தெரியும். பட்டுப்புடவையோட நீங்க டேப்ப வெச்சுக்கிட்டு மேடைக்கடியில தவழ்ந்தத நான் பாத்தேன்."

"பாத்தீங்களா! ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னும் கோவிச்சுக்குவீங்கன்னு."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போது பார்த்து இவர் உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "தப்பான வீட்டுக்கு வந்துட்டேனோ?" என்றார். அதற்கும் சிரிப்பு.

செப்டம்பர் 13, சனி

காலை எட்டு மணிக்கு வீடியோவை ஓடவிட்டேன். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார் சம்பந்தி. இவர் பூனைபோல் நடக்கிறார். மிக்சி போடக்கூடாது என்று தனக்குத்தானே தடை விதித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மணிக்கு நூறு சதவீதம்!

மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் இவர் கைதட்டினார். சம்பந்தி தட்டவில்லை.

"இந்த ரெண்டு அலமாரிக்கு நடுவுல வீல்சேர் வந்தா எப்படித் திரும்பும்?"

அளந்து பார்த்தேன். உள்ளே போகும். திரும்பாது. ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் அத்தனை வருடம் நடந்தவரின் கண் அது. போன வாரமாக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும். இன்று நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டேன். "எவ்ளோ வேணும்? சொல்லுங்க." அலமாரிகளை நகர்த்தப் பத்தே நிமிடம். நாளை மறுபடி வீடியோ.

செப்டம்பர் 15, திங்கள்

கொடுத்தாயிற்று. நாலு நாற்பதுக்கு. நிம்மதி.

செப்டம்பர் 20, சனி

சம்பந்தி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மெமரியைக் கழற்ற விடவில்லை: "அது இங்கயே இருக்கட்டும், பழகிடுச்சு." சாப்பாட்டு மேசையில் அவர் இடம் காலியாக இருக்கிறது. இவர்கூட, "வீடு என்னமோ மாதிரி இருக்கு இல்ல?" என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

எனக்குத்தான்! எனக்கேதான்!

குழுத் தலைவி போனில் சொன்னார்: "நாலு பேர்ல வீல்சேர் திரும்ப இடம் விட்டது நீங்க ஒருத்தர்தாம்மா." போனை வைத்த கையோடு சம்பந்தியைக் கூப்பிட்டேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

பத்து நிமிடத்தில் மகள்: "ஏம்மா, நீ பெத்த பொண்ணு நானு. அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" பக்கத்து அறையிலிருந்து இவர்: "என்ன தெரியணும்? என்ன ஆச்சு?"

ஐயோ, இவரிடம் இன்னும் சொல்லவே இல்லை.

மே 19, செவ்வாய்

போன வாரம் திறப்பு விழா, பேச்சு, கூட்டம். இன்றுதான் நானும் சம்பந்தியும் சாதாரணமாகப் போய் ஒரு ஓரத்தில் நின்று பார்த்தோம். உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. ஒரு பையன் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தான், இரண்டு கால்களும் காற்றில். நூலகர் அவனைத் தாண்டித் தாண்டி நடந்தார், எழுப்பவில்லை.

ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் புத்தகம் எடுக்காமல் சுவரையும் கூரையையும் பார்ப்பது அவளுக்கு விசித்திரமாக இருந்திருக்கும்.

"நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

"இல்லம்மா. சம்பந்தி" என்றேன்.

"அப்படின்னா?"

"அதாவது, இவங்க பையன் இருக்கான் இல்ல, அவனுக்கு என் பொண்ண..." என்று நான் ஆரம்பித்தேன். அவள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

சம்பந்தி குனிந்து அவளிடம் சொன்னார்:

"நாங்க ஒண்ணா வேலை பாக்குறோம்டா."

"ஓ" என்றாள் அவள். அது அவளுக்குப் புரிந்தது.