புரியாத எழுத்தை விட்டுவிடு

ஜூன் 9, திங்கள்

புனேயின் வாகட் பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஆபீஸ் கேப் வந்து சேர்ந்தபோது சுப்ரஜா அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் டீம் லீட். கோயம்புத்தூர்க்காரர். மற்றவர்களிடம் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் தமிழ். அதில் எனக்கு ஒரு பெருமை. ஏன் என்று தெரியவில்லை.

"பாதிப் பேஷன்டு லிஸ்ட்லயே வரலையாம். ஆஸ்பத்திரிக்காரன் கத்தறான் கண்ணு."

வராதது என்னால்தான். ஆஸ்பத்திரியில் நஸ்ரின் என்ற பெண் பழைய கம்ப்யூட்டரில், பழைய மராட்டி ஃபான்டில் நோயாளிகளின் விவரத்தை டைப் செய்கிறாள். பெயர், வயது இங்கிலீஷில். மற்றக் குறிப்புகள் மராட்டியில். எங்கள் புரோகிராமுக்கு யூனிகோடு என்ற புது எழுத்துமுறை மட்டும்தான் தெரியும். அந்தப் பழைய எழுத்து அதற்கு எழுத்தே இல்லை, வெறும் கெட்டுப்போன பைட். அப்படி ஒன்று வந்தால் அந்தப் பதிவையே தனியாக ஒதுக்கிவைக்கும்படி எழுதியிருந்தேன், யாராவது கண்ணால் பார்த்துச் சரிசெய்யட்டும் என்று. பார்க்கத்தான் யாரும் இல்லை.

செப்டம்பரில் என்னை நிரந்தரமாக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே. எனக்கு வேலை நிரந்தரம் என்று அப்பா எங்கள் கட்கி குவார்ட்டர்ஸ் முழுக்க இப்போதே சொல்லிவைத்துவிட்டார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான் ஒருத்திதான்.

ஜூன் 12

நஸ்ரினோடு போனில் பேசினேன். இந்தியில்தான். "உன் கம்ப்யூட்டருக்கு எங்க மராட்டி பிடிக்கலையா?" என்று சிரித்தாள். புது மெஷின் கேட்டு அலுத்துவிட்டாளாம். "நீ படிச்சவ, நீயே ஏதாவது பண்ணு."

படித்தவள். அந்த வார்த்தையைக் கேட்டால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 17

டெமோ. ஒதுக்குவதை நிறுத்திவிட்டு, படிக்க முடியாத ஒவ்வொரு பைட்டின் இடத்திலும் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி வரும்படி மாற்றியிருந்தேன். இங்கே ஏதோ இருந்தது, படிக்க முடியவில்லை என்று நர்சுக்காவது தெரியுமே.

ஆஸ்பத்திரி அதிகாரி முகம் சுளித்தார். புதுப் பெண், கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று அக்கா சிரித்துச் சமாளித்தார். பிறகு பான்ட்ரியில்:

"ஏன் கண்ணு, ஸ்கிரீன் பூரா அம்மை போட்ட மாதிரி இருக்குது. எம் மானமே போச்சு. புரியாத பைட்டை அப்படியே விட்டுப்போடு. ஒரு வார்த்தைதானே மாத்தோணும்?"

ஆமாம். ஒரு வார்த்தைதான்.

ஜூன் 18

புரோகிராமில் 'கேள்விக்குறி போடு' என்றிருந்ததை 'விட்டுவிடு' என்று மாற்றினேன். திரை சுத்தமாகிவிட்டது. கைதட்டினார்கள்.

ஜூன் 20

ஒவ்வாமைக் கட்டம். நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று எழுதும் இடம்.

மராட்டி எழுத்து மொத்தமும் உதிர்ந்தால் அந்தக் கட்டம் காலி. காலியாக இருந்தால் திரை தானாகவே 'ஒவ்வாமை இல்லை' என்று காட்டுகிறது. திரையை எப்போதோ வேறு யாரோ செய்தார்கள். ஆனால் காலி வேறு, இல்லை என்பது வேறு அல்லவா?

அக்காவிடம் சொன்னேன்.

"ஊசி போடறதுக்கு முன்னால கேக்க மாட்டாங்களா? நீ என்ன டாக்டரா?" குரலைத் தாழ்த்தினார். "செப்டம்பர்ல உம் பேரை நாந்தான் எழுதோணும். தெரியுமில்ல?"

இதை மெயிலில் எழுதினேன். அனுப்பவில்லை.

ஜூலை 3

மழை. ஃபைல்கள் சத்தமில்லாமல் போகின்றன.

ஜூலை 22

ஒரு பெண் செத்துப்போனாள்.

பைக்கில் அடிபட்டு நினைவில்லாமல் வந்தவள். கூட யாரும் இல்லை. யாரைக் கேட்பார்கள்? பையில் இருந்த ஆஸ்பத்திரி கார்டை வைத்துப் பழைய பதிவை எடுத்தார்களாம். பெனிசிலின் ஆகாது என்று அவளுடைய பதிவில் மராட்டியில் இருந்ததாம். திரையில் 'ஒவ்வாமை இல்லை'. போட்டுவிட்டார்கள்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான். ஒரு வார்த்தைதானேன்னு — தெரிஞ்சுதானே பண்ணேன்? தெரியும் எனக்கு. சோறு இறங்கல. "இன்னாம்மா, தபியத் சரியில்லியா?"ன்னு அப்பா கேட்டாரு. தலைவலின்னேன்.

ஜூலை 23

அக்கா கத்தவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார்.

"ரிப்போர்ட்டை ரெண்டு மாதிரி எழுதலாம் கண்ணு. நம்ம புரோகிராம் எழுத்தை விட்டுருச்சுன்னு எழுதலாம். வந்த ஃபைலே கெட்டுப்போன ஃபைலுன்னு எழுதலாம். ரெண்டுல எது பொய்யி?"

எதுவும் பொய் இல்லை.

"டைப் அடிக்கற புள்ள உன்ற ஃபிரெண்டுதானே? அவ கையால ஒரு மெயில் வாங்கிப்போடு. போதும்."

"அவ வேலை போயிடும்க்கா."

"அப்ப உன்றது போகட்டுமா?"

ஜூலை 24

நஸ்ரினுக்குப் போன் செய்தேன். அழுதிருந்தாள். இறந்தவளின் அம்மா வார்டு வாசலிலேயே கிடந்தாராம். "எப்படி ஆச்சு ஜான்சி? நான் சரியாத்தானே அடிச்சேன்?"

சரிபார்க்கத்தான் கேட்கிறேன் என்றேன். எந்த ஃபைல், எந்த ஃபான்ட், அடித்தது யார், எல்லாம் எழுதி அனுப்பு என்றேன். இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். 'ஃபைல் தவறான முறையில் இருந்தது. டைப் செய்தது நான்.' 'தவறான' என்பதற்கு ஸ்பெல்லிங்கும் நான்தான் சொன்னேன்.

தேங்க்ஸ் என்றாள்.

ஜூலை 28

மீட்டிங். புரோகிராம் வடிவமைத்தபடிதான் வேலை செய்ததா என்று கேட்டார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இதுவரை எந்த மீட்டிங்கிலும் நான் வாய் திறந்ததில்லை.

"யெஸ்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அக்கா அந்த மெயிலைத் திரையில் போட்டார்.

ஆகஸ்ட் 4

நஸ்ரினை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

காலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தாள். மதியம் எடுத்தேன். "தூ போல் நா உன்கோ, அவங்ககிட்ட நீ சொல்லேன் ஜான்சி. நீ சொன்னா கேப்பாங்க. நீ படிச்சவ." பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

யாரிடம்? என்னவென்று?

ஆகஸ்ட் 6

கேள்விக்குறியையாவது திரும்பப் போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். இப்போது மாற்றினால் தப்பு நம்முடையது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம்.

யோசித்தால் சரிதான்.

ஆகஸ்ட் 7

நஸ்ரின் நம்பரை பிளாக் செய்தேன்.

செப்டம்பர் 15

நிரந்தரமாகிவிட்டது. அப்பா பேடா வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "நம்ம பொண்ணு பர்மனென்ட் ஆயிட்ச்சு" என்று அவர் சொல்வது மாடி வரை கேட்டது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். "பொழைக்கத் தெரிஞ்ச புள்ள."

செப்டம்பர் 24

நஸ்ரின் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். அதே கம்ப்யூட்டர், அதே ஃபான்ட். நான் அடிப்பது உங்களுக்குச் சரியாக வருகிறதா தீதி என்று போன் செய்து கேட்டாள். தீதி என்றால் அக்கா. சின்னக் குரல். கூச்சப்பட்டுப் பேசினாள்.

திரையைப் பார்த்தேன். கட்டங்கள் காலி.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதுவரை தினமும் எனக்கு ஒரு மெயில் போட்டுவிடு என்றும் சொன்னேன்: எந்த ஃபைல், எந்த ஃபான்ட், அடித்தது யார் என்று. எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள் தீதி என்றாள்.

சாயங்காலமே முதல் மெயில் வந்தது. அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து அதில் போட்டுவைத்தேன்.