காலியாக இல்லாத கோப்புறை

மடிக்கணினி சூடேறும்போது அதன் விசைகளுக்கு அடியிலிருந்து இன்னமும் மிளகு வாசம் வருகிறது. காயப்போட்ட மிளகைக் கிளறிய கையோடு வந்து தட்டுவாய். துடைத்துவிட்டு உட்கார் என்று நான் சொன்னதை ஒரு நாளும் நீ கேட்டதில்லை. போன மாதம், மேகம் இறங்கி வாசலை மூடியிருந்த ஒரு மதியத்திலும் இதே வாசம் வந்தது. நீ போனதிலிருந்து நான் தள்ளிப்போட்டு வந்ததை அன்றுதான் செய்தேன். கணினியின் மொழியைத் திரும்பவும் ஆங்கிலத்துக்கு மாற்றினேன்.

அதைத் தமிழுக்கு மாற்றியவள் நீதான். மாற்றியதும், வீட்டுக் கோப்புறைகளின் பெயர்களையும் மாற்றட்டுமா என்று அது கேட்டது. நான் கேள்வியை இரண்டாம் முறை படிப்பதற்குள் நீ சரி என்று அழுத்திவிட்டாய்.

"நம்ம ஊட்டு ரூமுக்கு அடுத்தவன் பாசையில பேரு எதுக்குங்க?"

என் கோப்புகள் கிடந்த ஆங்கிலப் பெயர்க் கோப்புறைகள் அப்படியே நின்றன. அவற்றின் பக்கத்தில் ஆவணங்கள், படங்கள், இசை என்று வெறும் கோப்புறைகள் புதிதாக முளைத்தன. எதைத் தொலைத்தோமோ என்று நான் பதறினேன். நீ சிரித்தாய்.

"ஒரே கூரைக்குள்ள ரெண்டு குடித்தனம் ஆயிப்போச்சுங்க. உங்க பக்கம் நான் வரல. எம்பக்கம் நீங்க வந்துராதீங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னாய். நான் வரவேயில்லை. கடைசி மாதங்களில் மதிய நேரங்களில் நீ மடிக்கணினி முன் தனியாக உட்கார்ந்திருந்தாய். என்ன செய்கிறாய் என்று கேட்டால், "என்னமோ பேசிப் பதிஞ்சு வெக்கறேன், உங்களுக்கென்ன" என்பாய். உன் கைப்பேசி பழுதாகி, அதிலிருந்து எதையும் மீட்க முடியாமல் போனது. உன் குரல் எங்காவது மிச்சமிருந்தால் உன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். திறந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன செய்வேன்?

சேலத்திலிருந்து மகள் பேசியபோது மெல்லக் கேட்டேன்.

"பேரைப் பழையபடி மாத்துனா அம்மாவோடது என்ன ஆகும் கண்ணு?"

"காலியா இருக்கறதை அதுவே எடுத்துரும்ப்பா. உள்ள ஏதாச்சும் இருந்தாத் தொடாது, அப்படியே உட்டுரும். எதுக்கும் தொறந்து பாத்துட்டு மாத்துங்க."

"பாக்கறேன்."

"நீங்க பாக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது சரி. திறந்து பார்க்க முடியாதவன், எது நிற்கிறது எது மறைகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். என்னைப் போன்றவனுக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றும். மொழியை மாற்றி, கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்ததும் அதே கேள்வி வந்தது. அழுத்தினேன். ஆவணங்கள் இல்லை. படங்கள் இல்லை. பதிவிறக்கங்கள் இல்லை. உன் குடித்தனம் முழுவதும் போயிருந்தது. இசை மட்டும் நின்றது.

அதற்குள் ஒரே ஓர் ஒலிப்பதிவு இருந்தது. பெயரிலேயே தேதியும் நேரமும் இருந்தன.

"ஏனுங்க, இதுல பேசுனா பதியுதான்னு பாக்கறேன்" என்று தொடங்கினாய். பின்னால் மழை இரைந்தது. மிளகு பூசணம் பிடித்துவிடும் என்று கவலைப்பட்டாய். திடீரென்று நிறுத்தினாய். "இருங்க, யாரோ வாராங்க."

கதவுச் சத்தம்.

"அட, நீங்களா? அதுக்குள்ள வந்துட்டீங்க? இந்த மழையில ஒரு சொட்டுக்கூட நனையலையே." யாரோ இருமினார்கள். "உட்காருங்க, காப்பி வெக்கறேன்" என்றாய். பாத்திரச் சத்தம் வந்தது. அதோடு பதிவு முடிந்தது.

அந்தத் தேதியை நான் மறக்க முடியாது. உனக்கு மருந்து வாங்க மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்குப் போன நாள். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோய், இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்து, "மறுபடியும் எங்க போய் இப்படி நனைஞ்சுட்டு வாரீங்க?" என்றாய். மருந்தின் மயக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் குடையோடு வந்திருக்கலாம். அவரை நானென்று நீ நினைத்திருக்கலாம். அவரிடம் கேட்டேன். அந்த மழையில் வெளியே கால் வைக்கவில்லை என்றார். பதிவை எத்தனையோ முறை போட்டுக் கேட்டுவிட்டேன், அந்த இருமல் என்னுடையதாகத்தான் தோன்றுகிறது. என் இருமல் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாமலும் இருக்கலாம்.

உன் குரல் கிடைத்துவிட்டது. அதில் நீ பயப்படவில்லை என்பதைத்தான் பற்றிக்கொண்டிருக்கிறேன். அன்று மதியம் நீ தனியாக இல்லை. யாரோ வந்ததில் உனக்குச் சந்தோஷம்.

அதன்பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கீழே போய்த் திரும்பும் நாள்களில் கதவைத் திறக்குமுன் வெளியே நின்று, "நான்தான்" என்று சத்தமாகச் சொல்கிறேன். மழை பெய்தால் சட்டையைத் தொட்டுப் பார்க்கிறேன். நனைந்திருந்தால்தான் உள்ளே வருகிறேன்.