நங்கை கொடுத்த கேசட்

ஆடி 3, சனி

வெயில் இல்லை. காற்று மட்டும். மாடியில் காயப்போட்ட இவருடைய வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். கேட்டு வாங்கி வந்தேன்.

பழைய கேசட்டுகளை லேப்டாப்பில் ஏற்றும் வேலை நன்றாகப் போகிறது. டேப்ரெக்கார்டரில் ஹெட்போன் மாட்டும் ஓட்டையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர். லேப்டாப்பில் சிவப்பு வட்டம். டேப்பில் சிவப்புப் பொத்தானும் ப்ளேயும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். யூட்யூப் வீடியோவில் ஒரு ஆள் கடகடவென்று சொல்லிவிட்டுப் போனான், மீதி நானே புரிந்துகொண்டது. பதிவு என்றால் சிவப்புதானே. டேப்பில் மட்டும் சிவப்பு இறங்கமாட்டேன் என்கிறது. துருவாக இருக்கும். ஆனாலும் பாட்டு ஏறிவிடுகிறது.

முடிந்தவை: முருகன் பாட்டு, நாதஸ்வரம், பெரியவளின் இங்கிலீஷ் ரைம்ஸ். எல்லாம் கடையில் வாங்கிய கேசட்.

இவர் டீக்கடையில் சொல்லிவிட்டார் போல. "எங்கூட்டுல ஸ்டுடியோவே நடக்குதுங்க." கூச்சப்படுவது போல் இருந்துகொண்டேன். உள்ளுக்குள் ஒரே பெருமை.

வாங்க: பெருங்காயம், இவர் பி.பி. மாத்திரை, தையல் மெஷின் எண்ணெய்.

ஆடி 4, ஞாயிறு

மல்லசமுத்திரத்திலிருந்து நங்கை வந்தார். இவருடைய அக்கா. டீக்கடைச் செய்தி திருச்செங்கோட்டிலிருந்து அங்கே வரை போய்விட்டது.

கைக்குட்டையில் சுற்றி ஒரு கேசட். அவர் வீட்டுக்காரர் பேசியது. அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவேன், போன வருஷம் தவறினார். அந்தக் காலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போர் போடப் போனால் மழைக்குத்தான் ஊர் திரும்புவார். எழுத வராது. பேசிப் பதிந்து, ஊருக்கு வரும் டிரைவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். ரிக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான். புதுக் கேசட்டெல்லாம் வாங்கமாட்டார்கள். சினிமாப் பாட்டுக் கேசட்டின் முதுகில் இருக்கும் ஓட்டையைச் செலோடேப் ஒட்டி மூடிவிட்டு, பாட்டின் மேலேயே பேசிவிடுவார்கள். இதிலும் செலோடேப், பழுப்பேறி.

"வருசத் திதிக்குள்ள ஆகுமா அம்மிணி?"

"அது என்னங்க நங்கை, நாளைக்கே முடிஞ்சிரும்."

இந்த வாய் எனக்கு எதற்கு.

ஆடி 5, திங்கள்

பொத்தானுக்கு மெஷின் எண்ணெய் விட்டேன். நங்கை கேசட்டைப் போட்டு அழுத்தினால் சிவப்பு வெண்ணெயாக இறங்கியது. எண்ணெயின் பலன்.

வயர் மாட்டியிருந்தால் சத்தம் வெளியே வராது. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து மொச்சை உரித்தேன். இவரும் வந்தார். ஊர்க்கதை. ரொம்ப நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கரண்ட் போனது. மீதி நாளைக்கு.

ஆடி 6, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். அண்ணன் இல்லை. மொச்சைத் தோல் நறுக் நறுக் என்கிறது. வயரைப் பிடுங்கிவிட்டுக் கேசட்டையே போட்டேன். அதிலும் நாங்கள்தான்.

சிவப்பு துருப்பிடித்திருக்கவில்லை. கடைக் கேசட்டில் அந்த ஓட்டை மூடாமல் இருக்கும், அதனால் அழிக்க விடாது, இறங்காது. இதில் செலோடேப் இருந்ததால் இறங்கியது. டேப்பிலேயே இருக்கும் மைக் எங்கள் பேச்சைப் பிடித்து அண்ணன் குரல் மேல் பூசிவிட்டது.

என்ன பேச்சு. நான்: "அண்ணன் இருக்கறவரைக்கும் ஒரு சொம்புத் தண்ணிகூட மொகங் குடுத்துக் குடுத்ததில்லை உங்கக்கா. இப்பக் கொரலு வேணுமாம், கொரலு. ஊருக்குக் காட்டத்தானுங்க." இவர் சிரிக்கிறார். அதற்குப் பிறகு நான் நங்கை மாதிரியே அழுது காட்டுகிறேன், துக்கத்தன்று அவர் அழுத அழுகை. ராகத்தோடு. இவர், "அப்படியே இருக்குது போ."

என் குரல் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. தூ.

கரண்ட் போய் எங்கள் பேச்சு நின்ற இடத்தில் அண்ணன் பாதிப் பேச்சில் ஆரம்பிக்கிறார். "...அதனால மாட்டுக்குத் தண்ணி காட்டறப்பப் பாத்துப் போ. இங்கெல்லாம் ஒரே பாறை. புழுதிதான் வருது." பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல். கொஞ்ச நேரம் பேசுகிறார், பிறகு பாட்டு. மறுபக்கம் முழுக்கப் பாட்டு.

சோறு வடிக்க மறந்து கஞ்சியாகிவிட்டது.

ஆடி 7, புதன்

காற்று. வீடெல்லாம் மண்.

இவரிடம் சொன்னேன். "நம்ம பேச்சை வெட்டி எடுத்துட்டு மீதிய மட்டும் பென்டிரைவ்ல போட்டுக் குடு. முன்னாடி பூசணம் புடிச்சிருச்சுன்னு சொல்லு. அக்காளுக்கு என்ன தெரியும்." இவர் சிரித்ததும் அதில் இருக்கிறது. அது நினைவே இல்லை மனுஷனுக்கு.

ஃபோன் செய்தேன். "முன்னாடி கொஞ்சம் பூசணம் புடிச்சிருக்குதுங்க நங்கை."

"பெட்டிக்குள்ளயே கெடந்ததல்லோ. இருக்கறது போதும் சாமி."

வைத்துவிட்டு முகம் கழுவினேன். சாமியாம்.

கேசட்டில் எங்கள் பேச்சையும் அழித்துவிடலாம். அதே சிவப்புதான். இரண்டு தடவை விரலை வைத்தேன். அண்ணன் பேசுவதையும் சேர்த்துத் தின்றுவிட்டால்? விட்டுவிட்டேன். பயம் பாதி. இன்னொரு கள்ளத்தனம் வேண்டாம் என்பது பாதி. பயம்தான் அதிகம், பொய் எதற்கு.

ஆடி 9, வெள்ளி

நங்கை வந்தார். தட்டப்பயறும் ஒரு சீப்புப் பழமும் கொண்டுவந்தார். எனக்கு.

லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். "மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப" என்றதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழவில்லை. துக்கத்தில் அழுத மாதிரி எதுவுமே இல்லை. நான் சமையலறைக்குப் போய் வெறும் பாத்திரத்தை எடுத்து எடுத்து வைத்தேன்.

வந்தபோது சொல்கிறார், "இத நான் ஒருக்காக்கூடக் கேட்டதில்லை அம்மிணி. எங்களுக்குள்ள சண்டை. வந்த அன்னைக்கே கோவத்துல பொட்டியில போட்டேன். மனுசன் திரும்பி வந்து, கேட்டயான்னாரு. கேட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் கேக்க மொகமில்லை."

அப்படியென்றால் நான் அழித்ததை யாருமே கேட்டதில்லை. அண்ணனைத் தவிர.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். காப்பி கலக்கட்டுங்களா என்றேன்.

கேசட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டில் டேப் கிடையாது, பரவாயில்லை என்று நினைத்தேன். என் புத்தி போகும் போக்கு.

ஆடி 11, ஞாயிறு

தூறல். கறி எடுக்க இவர் போயிருந்தார். நங்கை ஃபோன்.

"கேசட்டக் கேட்டேன் அம்மிணி. பங்காளி ஊட்டுல டேப் இருந்துது."

தப்புதானுங்க நங்கை, தப்புதானுங்க, இதே திரும்பத் திரும்ப. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ சொன்னது மெய்தான். மொகங் குடுத்ததில்லைதான். அத உடு. அழியறதுக்கு மின்ன நீ கேட்டயா? என்னைய என்னன்னு கூப்புட்டு ஆரம்பிச்சாரு?"

"கேக்கலைங்க. வயர் மாட்டியிருந்தேன், சத்தம் வரலை."

அந்தப் பக்கம் கோழியை விரட்டும் சத்தம்.

"பூசணம்னு ஒரு பொய் சொன்னயல்லோ. இதுக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாமில்ல, சாமி."

வைத்துவிட்டார்.