நான் எடுக்காத தண்ணீர்

சாருக்கு,

நேற்று என் அறையிலிருக்கும் இரும்பு பீரோவைத் திறந்தபோது ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. கீழ்த்தட்டில் அந்தக் கம்பூட்ஸ். மூன்று ஜோடி வாங்கினீர்கள், ஆற்றில் இறங்கும் நம் மூன்று பேருக்கும், உங்கள் கைக்காசில். என் கால் அளவைக் கேட்காமலே வாங்கி அது ஒரு சைஸ் பெரிதாகப் போனது. "ரெண்டு சாக்ஸ் போட்டுக்குங்க சார், செரியாப் போயிரும்" என்றீர்கள். சரியாகவில்லை. சேற்றில் கால் வைத்தால் கால் மட்டும் வெளியே வரும், பூட்ஸ் அங்கேயே நிற்கும்.

உங்களை நினைத்து பீரோவைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு. அண்டைப் பல்கலைக்கழகங்களிடையே கூட்டு ஆராய்ச்சியை ஊக்குவித்தல் என்று தலைப்பு. முதல் உரை என்னுடையது. அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'கூட்டு ஆய்வின் முன்னோடி' என்று போட்டிருக்கிறார்கள். அதற்காகப் பழைய கோப்பைத் தேடித்தான் திறந்தேன். வாடை அடித்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இரண்டு வருடமாக மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் முடியாது.

நீங்கள் முதன்முதலில் என் அறைக்கு வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏதோ பனியன் கம்பெனியின் பெயர் அச்சடித்த துணிப்பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். திருப்பூரில் ஒரு சின்னக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னீர்கள். சின்னக் கல்லூரி என்றதும் எதிரே இருந்த நாற்காலியைக்கூட நான் காட்டவில்லை. நீங்களாகவே உட்கார்ந்துகொண்டீர்கள்.

"இந்த ஆத்துத் தண்ணிய ஈரோட்டுப் பக்கம் பல்கலைக்கழகத்துல ஒரு மேடம் பாத்துக் குடுத்துட்டாங்க. நீங்களும் உங்க லேபுல பாருங்க. ரெண்டும் ஒத்து வந்துச்சுன்னா ரெண்டு பேரையும் நம்பலாமுங்க."

"ஒத்து வரலைன்னா?"

"அது நெம்ப நல்லதுங்க. அப்பத்தான் ரெண்டு பேரும் பேசிக்குவீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஏனென்றால் உண்மை அது. நொய்யல் ஆறு எங்கள் பக்கமிருந்து மங்கலம் தாண்டி உங்கள் ஊருக்குள் புகுந்து, பிறகு மேடம் பக்கமாகக் கீழே இறங்குகிறது. நானும் அந்த மேடமும் பல வருடங்களாக ஆளுக்கொரு துண்டு ஆற்றைப் பிடித்துக்கொண்டு கட்டுரை எழுதி வந்தோம். ஒருவர் ஆய்வகத்தில் இன்னொருவர் கால் வைத்ததில்லை. கருத்தரங்குகளில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். "ஆறு மூணு பேரு ஊட்டு வாசலையும் தாண்டிப் போகுது, நம்ம பேப்பரு மட்டும் காம்பவுண்டைத் தாண்ட மாட்டேங்குதுங்களே" என்று பின்னால் ஒருநாள் சொன்னீர்கள். அதை என் உரைகளில் நான் சொன்னதாகவே சொல்லி இரண்டு முறை கைதட்டு வாங்கியிருக்கிறேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பல்கலைக்கழகங்களையும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வைக்க நீங்கள் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பதிவாளர் அலுவலகத்தில் மனு பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். நீங்கள் அடுத்த மாதமும் வருவீர்கள். அதே பரிசீலனை. கையெழுத்து வரும்வரை காத்திருக்க வேண்டாம், வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று ஆரம்பித்ததும் நீங்கள்தான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை ஆறரை மணி. மங்கலத்துக்குச் சற்று மேலே ஒரு பாலம், அது என்னுடையது. மேல்புள்ளி. திருப்பூருக்குள் நீங்கள், நடுப்புள்ளி. வெகு தூரம் கீழே மேடம், கீழ்ப்புள்ளி. மூன்று பேருக்கும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி நோட்டு. மூவரையும் ஒரே போன் இணைப்பில் போட்டுக்கொண்டு கேட்பீர்கள். "மேல்புள்ளி ரெடிங்களா? கீழ்ப்புள்ளி ரெடிங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு." மூன்று பேரும் ஒன்றாக பாட்டிலை முக்குவோம்.

நான் கிண்டல் செய்தேன். என் பாலத்துத் தண்ணீர் உங்களிடம் வந்து சேர எத்தனையோ மணி நேரம் ஆகும், அதே நிமிடத்தில் எடுத்து என்ன ஆகப்போகிறது என்றேன். "ஒண்ணும் ஆகாதுங்க" என்றீர்கள். "ஆனா ஒருத்தருக்காக ரெண்டு பேரு காத்துட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா ஒருத்தரும் தூங்க மாட்டாங்க பாருங்க." சொல்லிவிட்டு நீங்களே வெட்கப்பட்டதுபோல் சிரித்தீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள். போக முடியாத மாதம் நோட்டில் ஒரு கோடு போட்டால் போதும், கோடு போட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று.

ஒருவழியாக ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் வந்தது. துணைவேந்தர்கள் இருவருக்கும் ஒத்துவந்த ஒரே நாள், அதுவும் ஒரு முதல் சனிக்கிழமை. "பத்து மணிக்குத்தானுங்களே சார், ஆத்துக்குப் போயிட்டே வந்தரலாம்" என்று முந்தின நாள் சொன்னீர்கள். சரி என்றேன்.

நான் போகவில்லை. அன்று காலை ஐந்தரைக்குப் பதிவாளர் கூப்பிட்டார். மேடையில் கட்டிய பேனரில் மேடத்தின் பல்கலைக்கழகச் சின்னம் இடதுபக்கம் வந்துவிட்டது, நம்முடையது வலதுபக்கம் போய்விட்டது, துணைவேந்தர் வருவதற்குள் மாற்ற வேண்டும் என்றார். நான் அரங்கத்துக்கு ஓடினேன். ஏணியில் ஒருவர் நின்று பேனரைக் கழற்றிக்கொண்டிருக்க, கீழே நின்று பிளெக்ஸ் கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு உங்கள் போன்.

"மேல்புள்ளி ரெடிங்களா?"

"ரெடி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. பேனருக்காக ஆற்றுக்குப் போகவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் எண்ணினீர்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. "எடுத்தாச்சுங்களா?" "எடுத்தாச்சு." போனை வைத்துவிட்டு, சின்னத்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னேன்.

பத்து மணிக்கு நீங்கள் வந்தபோது பேண்ட் முழங்கால்வரை ஈரம். பொன்னாடை, குழுப்படம் எல்லாம் நடந்தது. படத்தில் நீங்கள் ஓரத்தில் நிற்கிறீர்கள், பாதித் தோள் சட்டத்துக்கு வெளியே. அன்று மாலை நோட்டில் மேல்புள்ளியின் உப்பு அளவு என்று ஓர் எண் எழுதினேன். போன மாதத்து எண்தான். அப்படியே போட்டால் தெரிந்துவிடும் என்று கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றினேன். அந்த மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

அடுத்த மாதம் பாலத்தில் இறங்கியபோது, கரையோரம் தறி ஓட்டும் ஒருவர், எப்போதும் வணக்கம் சொல்பவர், கேட்டார். "ஏனுங்க சார், போன மாசம் உங்களைக் காணோமுங்களே? அன்னிக்குப் பாத்திருக்கோணும் நீங்க. வெள்ளிக்கெழமை பொழுது சாயறப்பவே மேலயிருந்து கருகருன்னு நொரையோட வந்துச்சுங்க, சனிக்கெழமை மத்தியானம் வரைக்கும் நிக்கலீங்க. மாடு வாய் வெக்கலீங்க." சாயக்கழிவை யார் திறந்துவிட்டார்கள், எங்கிருந்து என்று அவருக்கும் தெரியவில்லை. நான் இறங்கிய அன்று தண்ணீர் பழையபடி ஆகியிருந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று உங்கள் நடுப்புள்ளியில் உப்பு ஒரேயடியாக ஏறியிருந்தது. காரணம் என் பாலத்துக்கு அடியில் ஓடியிருக்கிறது. நான் எழுதிய எண்ணோ அங்கே தண்ணீர் எப்போதும்போல் இருந்தது என்றது.

அப்போதே போன் செய்திருக்க வேண்டும். இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மூன்று நிறுவனங்களின் ஆய்வுக் கூட்டம் நடந்தது. எங்கள் துறைத்தலைவர் உங்களைப் பார்த்துக் கேட்டார். மேலே சரியாக இருக்கும்போது நடுவில் மட்டும் எப்படி ஏறும், உங்கள் கல்லூரிக் கருவி பழசா என்று. கேட்ட தொனி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் முதன்முதலில் என் அறைக்கு வந்தபோது என்னிடமும் அதே தொனிதான் இருந்தது.

"கருவி பழசுதானுங்க" என்றீர்கள். "ஆனா மூணு தடவை பாத்துட்டனுங்க. மேல சாரே நின்னு எடுத்திருக்காரு, அதுல தப்பு வராது. அப்ப மங்கலத்துக்கும் எங்களுக்கும் நடுவால எங்கியோ கலக்குதுங்க. நான் கண்டுபுடிச்சுக் குடுக்கறனுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள், ஆதரவுக்கு. நான் தட்டிலிருந்த மிக்சரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், பொய் எண் எழுதியதைச் சொல்ல மாட்டேன். அந்த மிக்சரைச் சொல்வேன்.

அதன்பிறகு நீங்கள் தேட ஆரம்பித்தீர்கள். மங்கலத்திலிருந்து திருப்பூர்வரை கரையோடு நடந்து, ஆற்றில் வந்து விழும் ஒவ்வொரு குழாயையும் ஓடையையும் பாட்டிலில் பிடித்தீர்கள். சாயப்பட்டறைக் காவல்காரர்கள் விரட்டினார்கள். உங்களிடம் படித்து இப்போது ஒரு பட்டறையில் மேனேஜராக இருப்பவர், "எங்களை மாட்டி உடறதுக்கா சார் சுத்தறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டதாகச் சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் இறங்கியிருந்தது. அவர்மேல் உங்களுக்கு நெம்பப் பிரியம் என்று எனக்குத் தெரியும்.

"தென்கரை முடிச்சுட்டனுங்க சார். ஒண்ணும் சிக்கலை. அடுத்தது வடகரைங்க."

"பாத்துப் போங்க, பாம்பு இருக்கும்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

வடகரையும் முடிந்தது. மறுபடி தென்கரை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, கல்லூரிக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டதாக மேடம் போன் செய்தார். மாரடைப்பு. ஆற்றங்கரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எந்த டாக்டரும் சொல்வார். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று பீரோவை மூடிய பிறகு திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போனேன். கருத்தரங்குப் பேனரில் உங்கள் படம் போட வேண்டுமாம், என்னை வாங்கி வரச் சொன்னார்கள். பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தம். உங்கள் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, "வாங்க சார், வாங்க, உக்காருங்க" என்று ஃபேனைப் போட்டுவிட்டு டீ வைக்கப் போனார். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவராகவே பேச ஆரம்பித்தார்.

"கடேசி வரைக்கும் அந்தக் கலக்கற எடம் சிக்கவே இல்லீங்க சார். அவுங்களுக்கு அதே கொறை. 'எனக்கு வயசாயிருச்சு, கண்ணு தெரிய மாட்டேங்குது, அதான் பாக்காம உட்டுட்டேன்'னு சொல்லுவாங்க. மேல சார் எடுத்துக் குடுத்ததுல தப்பிருக்காது, தப்பு எங்கிட்டத்தான் இருக்குதும்பாங்க."

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று, பேனரில் ஆரம்பித்து, ரெடி என்று சொன்னதிலிருந்து மிக்சர்வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்.

"அப்ப, அவுங்க தேடுன எடத்துல ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லைங்க."

அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் என் முன்னால் இருந்த டம்ளரைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஞாயித்துக்கெழமை ஒரு நாள்தானுங்க சார் அவுங்களுக்கு லீவு. விடியக்காலம் போனாங்கன்னா இருட்டித்தான் வருவாங்க. புள்ளையும் மாப்பிள்ளையும் வந்துட்டு, பாக்காமயே போயிருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊட்ல இருந்திருப்பாங்களே சார்."

'ங்க' விடாமல்தான் சொன்னார். குரல் உயரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேடத்திடம் போனில் சொன்னேன். கேட்டு முடித்ததும் வைத்துவிட்டார். அறிக்கையிலிருந்து அந்த எண்ணை எடுக்கச் சொல்லி மூன்று நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதிவிட்டேன். கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். முன்னோடி என்ற பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், பிடுங்கட்டும். உங்கள் பழைய கருவி சரியாகத்தான் சொன்னது, உங்கள் கண்ணும் சரியாகத்தான் இருந்தது என்பது அங்கே பதிவாகும்.

அந்த ஒரு சனிக்கிழமையை இப்படித் திருத்திவிட முடியும் சார். உங்கள் வீட்டுக்காரம்மா கேட்ட ஞாயிற்றுக்கிழமைகள்தான் என்னிடம் இருக்கின்றன. அவற்றை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.