தேரோட்டியின் பெயர்

பாய்,

இன்று காலை கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பெரியவருக்கு 'உயர்திரு'வும் பெண் வீட்டுப் பெரியவருக்கு வெறும் 'திரு'வும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் திரையைப் பார்த்துவிட்டு, "எங்கய்யா மட்டும் என்ன, மொட்டைத் திருவா?" என்று கேட்டார். இருவருக்குமே உயர்திரு போட்டேன். பிரிண்டரிலிருந்து சூடான காகித வாசம் வந்தது. அந்த வாசத்துக்குள் உட்கார்ந்துதான் நீங்களும் நானும் சேர்ந்து, எங்குமே இல்லாத ஒரு நாட்டைக் கதையில் உண்டாக்கினோம்.

நீங்கள் முதலில் வந்தது ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க. சவூதியில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்துவிட்டு, சிறுநீரகம் கெட்டுக் கடையநல்லூருக்குத் திரும்பியிருந்தீர்கள். செல்போன் செயலி ஒன்றில் நான் தொடராக எழுதிவந்த ராஜா கதை திரையில் திறந்திருந்தது. நின்றபடியே படித்தீர்கள்.

"குதிரைக்குப் பேரு வச்சிருக்கிய. தேரோட்டிக்கு இல்லையே அண்ணாச்சி?"

அன்றிலிருந்து அது நம் கதை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ரயிலேறி வந்துவிடுவீர்கள். சண்டைகளை நீங்கள் நன்றாக எழுதினீர்கள். காதல் உங்களுக்கு வரவேயில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன்.

அரசவையில் யார் யாரை எப்படி விளிக்க வேண்டும் என்று நான் ஏழு அடுக்காக வகுத்து வைத்திருந்தேன். மாமன்னருக்கு ஒன்று, பட்டத்தரசிக்கு ஒன்று, சிற்றரசருக்கு வேறு. "எல்லாம் சரிதான். அரண்மனை தீப்பிடிச்சிருக்குன்னு சொல்ல வாரவன் இவ்வளவையும் சொல்லி முடிக்கதுக்குள்ள ராஜா வெந்துருவாரு" என்றீர்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சத்தத்தைக் கேட்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் மூன்று அடுக்கில் சமாதானமானோம்.

உங்களை அந்த வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ரபீக்னு. தோழன்னு அர்த்தம். டிரைவர், தோட்டக்காரன், சமையல்காரன் எல்லாவனும் ரபீக்குதான். பேரு தெரியாட்டா அப்படித்தான் கூப்பிடுவாங்க."

உங்கள் குரலில் வருத்தம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இருந்ததாகத் தோன்றவில்லை.

நமக்குள் பெரிய தகராறு வந்தது கடைசி அத்தியாயத்தில். போருக்குப் புறப்படும் இளவரசன், தன்னைச் சிறு வயதிலிருந்து தேரில் சுமந்தவனிடம் முதன்முதலாகப் பெயர் கேட்கிறான். அவன் பெயரைச் சொல்ல, இளவரசன் அவனைத் தழுவிக்கொள்வதாக எழுதியிருந்தேன். நீங்கள் அந்தப் பத்தியை நீக்கிவிட்டீர்கள்.

"சொல்ல மாட்டான் அண்ணாச்சி."

"ஏன் பாய்? கேட்கிறவன் மனசார கேட்கான்லா?"

அப்போதுதான் அந்த போன் விஷயத்தைச் சொன்னீர்கள். நீங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அந்த வீட்டுப் பையன், இப்போது பிள்ளை குட்டியோடு இருப்பவன், முந்தின வாரம் பேசியிருக்கிறான். அவனுடைய தகப்பனார் இறந்துவிட்டார். அழுதுகொண்டே, "உன் உண்மையான பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறான்.

"சொன்னீங்களா?"

"இல்ல. ரபீக்னே கூப்பிடுன்னுட்டேன். பேரைச் சொல்லிட்டம்னா, இத்தனை வருசமா அவன் கூப்பிட்டது ஆரைன்னு ஆயிரும்? அவனும் சங்கடப்படுவான், நானும் சங்கடப்படுவேன்."

எனக்கு அது ஒப்பவில்லை. கேட்டவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். நீங்கள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டீர்கள். ஊசி குத்திக் குத்தி அந்தக் கை புடைத்திருந்தது.

அன்று ரயில் நிலையம் வரை கூட வந்தேன். எதிர் ரயிலுக்காக உங்கள் ரயில் வழியில் கிராசிங்கில் நிற்பதாகச் சொன்னார்கள். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தபடி, "தேரோட்டி பேரு எனக்குத் தெரியும்" என்றீர்கள். காதருகே குனிந்து சொன்னீர்கள். உங்கள் பெயரல்ல; நமக்குத் தெரிந்த யாருடைய பெயருமல்ல. "எழுதிராதிய" என்று மட்டும் சொன்னீர்கள்.

அடுத்த வாரம் நீங்கள் வரவில்லை. உங்கள் மகன் போன் செய்தான். கடையநல்லூருக்கு வந்தேன், பள்ளிவாசல் வாசலில் மற்றவர்களோடு நின்றேன். கபர்ஸ்தான் வரை நடந்து, மண் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியதை அடித்துக் கொடுத்தேன்.

அந்த அத்தியாயத்தை ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தேன். என் பத்தியைத் திரும்பப் போட எந்தத் தடையும் இல்லை. நீங்கள் சொன்னது சரி என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் உங்கள் விருப்பப்படியே வெளியிட்டேன். இளவரசன் கேட்கிறான், தேரோட்டி கடிவாளத்தைச் சரிசெய்துவிட்டு, "நேரமாகிறது, இளவரசே" என்கிறான்.

வாசகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. மொட்டையாக முடித்துவிட்டீர்கள் என்று திட்டுகிறார்கள். யார் எழுதிய முடிவு என்று நான் சொல்லவில்லை. நேற்று ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அவர் பெயர் உங்களுக்காவது தெரியுமா?"

தெரியும் என்று மட்டும் பதில் போட்டேன்.