கொலையைக் கண்ட எனக்கு மறதி நோய் இல்லை

அனுப்புநர்:
பொ. ராசம்மா (வயது 71),
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
வெள்ளிமலைத் தோட்டம், மேற்பிரிவு, அப்புத்தளை.
(தற்போது வெலிமடையில் சம்பந்தி வீட்டில்)

பெறுநர்:
மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
ஊவா மாகாணம், பதுளை.

பொருள்: எனக்கு ஞாபகசக்தி இல்லையென வழங்கப்பட்ட அறிக்கையை நீக்கி, தமிழில் மீண்டும் பரிசோதிக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. 2024 மார்ச் 11ஆம் திகதி பகல், என் மகன் ஜெயகுமார் என் மருமகள் சிவசக்தியை எங்கள் லயத்து வீட்டு வாசலில் வெட்டிக் கொன்றான். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தவள், இனி அடி வாங்க முடியாது, தாய் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அவன் கூரையில் செருகியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உருவினான். முதல் வெட்டு கழுத்தில். விழுந்தவள் மழைநீர் ஓடும் கானுப் பக்கம் தவழ்ந்தாள். முதுகில் இரண்டு, தடுத்த கையில் ஒன்று, தலையில் ஒன்று. நான் கத்தியைப் பிடித்து இழுத்தேன். என் வலது கை விரல்கள் இரண்டு அங்கேயே விழுந்தன. "மாமி, விடாதீங்க" என்றாள். அதன்பின் அவள் பேசவில்லை.

2. அவள்தான் கத்தியோடு பாய்ந்தாள், மல்லுக்கட்டில் வெட்டுப்பட்டாள் என்று அவன் சொல்கிறான். பார்த்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் புத்தி தடுமாற்றம் என்று அவன் தரப்பில் கூறப்பட்டதால், ஏப்ரலில் ஒரு வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டேன்.

3. வைத்தியர் சிங்களத்தில் கேட்டார். துப்புரவு செய்பவர் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். ஐந்து சொற்களைச் சிங்களத்திலேயே வாசித்துவிட்டு, திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகாத என்னை, கட்டுப்போட்ட கையில் பென்சிலைத் தந்து கடிகாரம் வரையச் சொன்னார்கள். நான் கண்டிராத ஒரு மிருகத்தின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதை நாற்பது வருடம் மனதிலேயே வைத்திருந்தவள் நான். அப்படிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முப்பதுக்கு எட்டுப் புள்ளி என்று எழுதினார்கள்.

எத்தனை வெட்டு என்று அங்கு எவரும் கேட்கவில்லை. ஐந்து, ஐயா. பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் ஐந்துதான் என்று சிவசக்தியின் தாயார் பாக்கியலெட்சுமி எனக்குச் சொன்னார்.

4. அந்த அறிக்கையையும் காட்டி நவம்பரில் அவன் பிணையில் வந்தான். வந்த மறுநாள் காலை என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மூன்று தடவை மோதினான். "டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு, ஒனக்கு மூளை கலங்கிப் போச்சுன்னு. இனி யாருகிட்ட போயி சொன்னாலும் எடுபடாது" என்றான். இரத்தம் வழியப் பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனேன். அங்கிருந்தவர் வழக்குக் கோவையில் இருந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். என் வீட்டில் இருப்பவன் அவன் ஒருவன்தான். அன்றே பஸ் ஏறி வெலிமடைக்கு வந்துவிட்டேன். மகளைப் பறிகொடுத்தவர் எனக்குச் சோறு போடுகிறார்.

5. அடுத்த வழக்குத் தவணை பெப்ரவரி 17. அதற்கு முன், தமிழ் பேசும் வைத்தியர் ஒருவரைக் கொண்டு, எழுத்தறியாதவர்களுக்கு ஏற்ற முறையில் என்னைப் பரிசோதித்து, உண்மையை நீதிமன்றத்துக்கு அறிவிக்குமாறு மன்றாடுகிறேன். என்னைப்போல் தோட்டங்களில் இருந்து வரும் முதியவர்களையும் இனி அவ்வாறே பரிசோதிக்க உத்தரவிட வேண்டும்.

ஐயா, அவன் என் ஒரே பிள்ளை. பொய் சொல்வதென்றால் அவனைக் காப்பாற்றத்தான் சொல்லியிருப்பேன்.

இடம்: வெலிமடை
திகதி: 2025.01.20

இங்ஙனம்,
பொ. ராசம்மா
(இடது பெருவிரல் அடையாளம்)

அவர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டியவர்:
சூ. பாக்கியநாதன், ஓய்வுபெற்ற தபால் ஊழியர்