எங்கள் தெருவின் மாமியார்

பிப்ரவரி 3

வேன் ஒன்றுக்குப் பத்து சீட் தைத்து முடித்தேன். (எழுதுவதை என் வீட்டுக்காரி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏழுதானே" என்கிறாள். ஏழும் பத்துக்குப் பக்கத்துவீடுதான்.) வேன்காரர் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் "பரவாயில்லை" என்றார். இப்படி ஒரு கை இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்றுதான் அதற்கு அர்த்தம். வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்டார், பாவம்.

மதியம் கரண்ட் போனது. உடனே மாமியார் ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் டீசல் ஜெனரேட்டருக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். வாயைத் திறந்தால் தெருவில் வேறு யாரும் பேச முடியாது. புகைக்குழாய் எங்கள் படுக்கையறைச் சுவரைப் பார்த்து நிற்கிறது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய ஜன்னலுக்குள்ளும் இருமினாள். இழுப்பு மருந்தை உறிஞ்சிவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க வேலையைப் பாருங்க" என்றாள். அந்த ஒண்ணுமில்லையை எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்.

பிப்ரவரி 9

பொடிசு வந்தாள். என் அக்கா மகள். நகரசபைத் திட்டப் பிரிவில் இன்ஜினியர். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். கணக்கு சொல்லிக் கொடுத்தது நான் — அதாவது, கணக்கு வாத்தியார் வீட்டுக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டது நான். மழையிலும் விட்டேன். அதுவும் கணக்கில் சேரும்.

பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒரு பெரிய திட்டம் போடுகிறார்களாம். மலைப்பக்கம் காற்றாலை. பள்ளிக்கூடம், பஸ் டிப்போ கூரைகளில் சூரியத் தகடு. தெருவுக்கு ஒரு பேட்டரி அறை. கரண்ட் போனால் பேட்டரி பார்த்துக்கொள்ளும், டீசல் வேண்டாம். ஒரேயடியாக எல்லாத் தெருவுக்கும் செய்ய முடியாது. சுற்று சுற்றாக. மூன்றாவது சுற்றில் விழும் தெருவுக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகலாம் என்றாள். அப்படிச் சொல்லும்போது அத்தையின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அதற்காகத்தான் அடுத்த வாரம் ஒவ்வொரு வீட்டு மீட்டரிலும் ஜெனரேட்டரிலும் ஒரு சின்னப் பெட்டி மாட்டுகிறார்கள். இரண்டு வாரம் இருக்கும். யார் எப்போது எவ்வளவு மின்சாரம் எரிக்கிறார்கள் என்று அது பார்த்துக்கொள்ளும்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் மாமா. எப்பவும் போல இருங்க. அது போதும்."

"எங்கிட்டயே சொல்றியா? எப்பவும் போல இருக்கறதுல இந்தத் தெருவுல என்னை அடிச்சிக்க ஆள் கிடையாது."

பிப்ரவரி 11

இஸ்திரிக்கடையில் தெருவைக் கூட்டினேன். நூறு பேர் வந்தார்கள். (கடைக்குள் பதினைந்து பேருக்கு மேல் நிற்க முடியாது என்று இவள் சொல்வாள். வெளியே நின்றவர்களை அவள் பார்க்கவில்லை.)

விஷயத்தை விளக்கினேன். பொடிசு சொன்னதை அப்படியே சொன்னால் யாருக்குப் பிடிபடும்? கொஞ்சம் பதம் பண்ணிச் சொன்னேன். இது பரீட்சை. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்திருக்கிற அதிகாரிகள். எந்தத் தெரு குறைவாக எரிக்கிறதோ அந்தத் தெருவுக்குத்தான் முதல் இடம்.

"நிஜமாவா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"என் அக்கா பொண்ணு என் காதுல சொன்னது. வெளிய விடாதீங்க."

காதில் சொன்னால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள்.

பிப்ரவரி 16

பெட்டி மாட்டியாயிற்று. குட்டி டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கிறது. அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு ஃபேனை நிறுத்தினேன்.

பிப்ரவரி 20

எங்கள் தெருவைப் போல் ஒரு தெரு உலகத்தில் உண்டா? இஸ்திரிக்காரர் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் தம்பி வீட்டில் தேய்க்கிறார். ஐஸ்கடைக்காரர் வர்ணம் அடிக்கப் போவதாகச் சொல்லிக் கடையையே மூடிவிட்டார். நான் மெஷினில் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் காலால் மிதிக்கிறேன். முழங்கால் இரண்டும் என்னைத் திட்டுகின்றன.

கடைகளே ஓடாதபோது கரண்ட் போனால் யாருக்கு என்ன? மாமியாருக்கு வாயைத் திறக்க வேலையில்லை.

மதியம் அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். வேர்க்கிறதே என்று பழைய காலண்டர் அட்டையால் விசிறினேன். ஒருமுறைகூட இருமவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கல்யாணமான புதிதில் தூங்கின மாதிரி. கை வலித்தது. நிறுத்தவில்லை.

மார்ச் 2

பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நாம்தான் ஜெயித்தோம், சந்தேகமே இல்லை. டீக்கடையில் எல்லோருக்கும் என் செலவில் டீ. சாயங்காலம் மாமியார் வழக்கம்போல வந்து உட்கார்ந்துகொண்டார். போகிற காலத்தில் ஆடிவிட்டுப் போகட்டும்.

மார்ச் 14

நூலகத்துக் கூடத்தில் ஊர் வரைபடத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். முதல் சுற்றுக்குப் பச்சை, இரண்டாவதுக்கு மஞ்சள். தெருவே கிளம்பிப் போனோம். நான் முன்னால். இஸ்திரிக்காரர் மடிப்புக் கலையாத சட்டையில்.

பச்சையில் தேடினேன். மஞ்சளில் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினேன். எங்கள் தெரு வெள்ளையாக இருந்தது.

"வெள்ளைன்னா ரொம்ப சுத்தம்னு அர்த்தமா இருக்கும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பொடிசு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எனக்கே புரியல மாமா. எங்க டீசல் அதிகமா எரியுதோ, எங்க தேவை அதிகமோ, அங்கதான் முதல்ல. நம்ம தெருவுல ஒரு கோழிக்கூட்டுக்கு எரியற அளவுகூட இல்லைன்னு பெட்டி சொல்லுது. ஜெனரேட்டர் ஓடவே இல்லையாம். என் காதுக்கு அது தெரியாதா? அந்தச் சத்தத்துலதானே நான் படிச்சேன்?"

வீட்டுக்கு வந்தேன். அவள், "என்ன கலர்?" என்றாள். "இன்னும் காயலை" என்றேன்.

மார்ச் 15

என்ன மனுஷன் நான். ஆயுசு முழுக்க ஒண்ணைப் பத்தாச் சொன்னவன். ஒரே ஒரு தடவை பத்தை ஒண்ணாக் காட்டினேன் — அதைப் போய் நம்பிட்டாங்களே.

ஏழெட்டு வருஷம். அவளால ஏழெட்டு வருஷம் முடியுமா? ராசாத்தி மாதிரி தூங்கினாளே அந்த ரெண்டு வாரம். அதைப் பார்த்துக்கிட்டே அதுக்கே உலை வெச்சிருக்கேன். அட்டையால விசிறினானாம் பெரிய இவன்.

மார்ச் 16

பொடிசு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தொழிற்சாலையே மூடினோம், ஊரே இருட்டானது என்றெல்லாம் ஆரம்பித்தேன். "மாமா, நடந்ததை மட்டும்" என்றாள். நடந்ததை மட்டும் சொன்னேன். ரொம்பச் சின்னதாக இருந்தது.

தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "எப்பவும் போல இருங்கன்னு மூணே வார்த்தைதானே சொன்னேன்."

அவள் போய்ப் பேசினால் சொந்தத் தெருவுக்கு இழுக்கிறாள் என்று ஆகிவிடுமாம். வேலைக்கே உலை. "22ஆம் தேதி பொதுக் கூட்டம் இருக்கு. யார் வேணும்னாலும் பேசலாம். நீங்க வந்து சொல்லுங்க."

"நான் சொன்னா யாரு நம்புவா?"

உடனே எழுந்து டீ போடப் போய்விட்டாள். மரியாதை தெரிந்த பெண்.

மார்ச் 21

பேச்சு தயார். ஒரு மணி நேரத்துக்கு இருக்கிறது. உலக வரலாற்றில் தொடங்குகிறேன். அவளிடம் படித்துக் காட்டினேன். பாதியில், "இதுல நான் எங்க வர்றேன்?" என்றாள்.

எங்கும் வரவில்லை.

மார்ச் 22

மைக்கைப் பிடித்ததுமே பின்வரிசையில் சிரிப்பு. "ஆரம்பிச்சுட்டார்யா, நாளைக்குத்தான் முடிப்பார்" என்றது ஒரு குரல். ஐஸ்கடைக்காரர் குரல் மாதிரி இருந்தது.

மேடையில் தலைமைப் பொறியாளர் அம்மா. பொடிசு ஓரத்தில் குனிந்து பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். பேச்சுக் காகிதத்தை எடுத்தேன். மடித்துப் பையில் வைத்தேன்.

"பெட்டி மாட்டின ரெண்டு வாரமும் எங்க தெருவுல எதையும் ஓட்டலை. ஓட்டாதீங்கன்னு சொன்னது நான். அதிகாரி சொன்னதா நானே கதை கட்டினேன், தெரு நம்பிச்சு. ஜெனரேட்டர் ஓடாத அந்த ரெண்டு வாரம் என் வீட்டுக்காரி இருமாம தூங்கினா. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டேன். என் ஆயுளில் இவ்வளவு சின்னதாகப் பேசியதில்லை. கூடத்துக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இஸ்திரிக்காரர் எழுந்தார். "அவர் சொல்றது நிஜங்க. எனக்கே ஆச்சரியமா இருக்கு."

அந்த அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். தெருவைப் பெட்டி மறுபடி பார்க்கும், ஒரு வாரம், என்றார். "இந்தத் தடவை யாரும் நல்லபேர் வாங்கப் பாக்க வேண்டாம்."

ஏப்ரல் 5

மறுபடி பெட்டி. மறுபடி இஸ்திரிக்கடைக் கூட்டம். (பன்னிரண்டு பேர்.)

"நான் மூணு இஸ்திரிப்பெட்டியச் சேர்த்துத் தேய்க்கறேன்" என்றார் இஸ்திரிக்காரர். ஐஸ்கடைக்காரர் அண்ணன் கடை மெஷினையும் கொண்டுவருவதாகச் சொன்னார். பெட்டி திணறிப்போக வேண்டுமாம்.

வாயில் வந்துவிட்டது — அட்டகாசம், நானும் ரெண்டு மோட்டார் வாடகைக்கு எடுக்கறேன். விழுங்கினேன். "வேண்டாம்யா. எப்பவும் போல இருங்க."

"இதையா சொல்றீங்க? நீங்களா?"

ஏப்ரல் 8

எப்பவும் போல இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஃபேன் போடும்போதெல்லாம் இது நிஜமான வேர்வையா, பெட்டிக்காக வேர்க்கிறதா என்று சந்தேகம். பழைய மெஷினையும் சும்மா ஓட்டலாமா என்று சுவிட்ச் வரை விரல் போனது. திரும்பிப் பார்த்தால் கதவோரம் அவள்.

"தைக்கத் துணி இருக்கா?"

"இல்ல."

"அப்ப கையை எடுங்க."

மதியம் மாமியார் பிளந்து கட்டினார். பெட்டிக்குள் அவர் குரல் விழ வேண்டும், ஓடட்டும் என்றும் இருந்தது. உள்ளே அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டு ஓடட்டும் என்று எப்படி நினைப்பது? ஜன்னல் சந்தில் ஈரத்துணியைச் செருகினேன். அவள் முதுகைத் தடவினேன். அதுவும் எப்பவும் போலத்தான்.

மே 6

வந்துவிட்டது. பச்சை.

முதல் சுற்றில் என்று தெருமுழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். "அதுல கடைசிப் பேருன்னும் சொல்லுங்க" என்கிறாள். பொடிசு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அத்தையைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒரு பார்வை மட்டும். போதும்.

அக்டோபர் 27

பழைய சைக்கிள் ஷெட்தான் பேட்டரி அறை. வெள்ளைப் பீரோக்கள் வரிசையாக நிற்கின்றன. சத்தம் போடுமா என்று காதை வைத்துக் கேட்டேன். நல்ல மருமகள் மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 12

லாரியில் ஏற்றினார்கள். மாமியார் போய்விட்டார். இஸ்திரிக்காரர் மட்டும் கைக்குட்டை ஆட்டினார்.

பிப்ரவரி 20

மதியம் கரண்ட் போனது. மெஷின் நிற்கவில்லை. பேட்டரி அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சீட் கொடுக்க வந்த பஸ் டிரைவரிடம் மாமியாரைத் துரத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைமைப் பொறியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது, மேடையில் எனக்கு நாற்காலி போட்டது, எல்லாம். இப்போது தெரு அமைதியாக இருப்பதில் ஒரு சங்கடம், பேசுவது உள் அறைவரை கேட்கிறது.

"நாற்காலியெல்லாம் யாரும் போடலை" என்று உள்ளிருந்து குரல். பாதித் தூக்கத்தில். "ஒரு வாரம் சும்மா இருந்தார். அதான் அவர் செஞ்சது."

டிரைவர் சிரித்தார். நானும்.

அவர் போன பிறகு எட்டிப் பார்த்தேன். சொல்லிவிட்டு அவள் மறுபடி தூங்கிப் போயிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.